லாசன் எரிமலைப் பூங்காவில் மாணவர் நிலவியல் முகாம்: முழுமையான வழிகாட்டி

வட கலிஃபோர்னியாவில் உள்ள லாசன் எரிமலைத் தேசியப் பூங்காவுக்கு நிலவியல் மாணவர்களை முதல் முறையாக அழைத்துப்போகப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பதினான்கு மாணவர்கள், இரண்டு வேன், நான்கு நாள், மூன்று இரவு. இதுதான் எனக்குப் பழகிய அளவு. நான் முதலில் போட்ட திட்டத்தில், வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததையெல்லாம் ஒரே நாளில் சேர்த்திருந்தேன். பெட்ரோல் மிச்சமானது, பாடம் போய்விட்டது. கீழே உள்ள வரிசை அதற்கு அப்புறம் வந்தது.

1. தேதி குறிக்கும் முன் சாலையைக் கேளுங்கள்

பூங்காவின் வடக்கு வாசலையும் தெற்கு வாசலையும் இணைப்பது ஒரே சாலை. நீளம் சுமார் 48 கிலோமீட்டர். அதன் உச்சி கிட்டத்தட்ட 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்காலம் முழுக்கப் பனியில் மூடிக் கிடக்கும் இந்தச் சாலை சில ஆண்டுகளில் மே கடைசியில் திறக்கும், பனி அதிகமான ஆண்டுகளில் ஜூலைவரை இழுக்கும். சாலை திறந்த பிறகும், ஆவியும் கொதிக்கும் சேறும் வெளிவரும் பம்பஸ் ஹெல் என்ற இடத்துக்குப் போகும் பாதையில் பனி கரைய இன்னும் சில வாரம் ஆகலாம்.

புதியவர்கள் முதலில் கல்லூரி விடுமுறையைப் பார்த்துத் தேதி குறிக்கிறார்கள், அப்புறம் ஜூன் முதல் வாரத்தில் மூடிய கேட்டின் முன்னால் வேனை நிறுத்துகிறார்கள். ஜூலை கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதிவரை பாதுகாப்பான காலம். ஆகஸ்டுக்குப் பிறகு காட்டுத்தீப் புகை வரக்கூடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். 2021-இல் டிக்சி தீ பூங்காவின் பெரும்பகுதியை எரித்தது. முகாமிடப் பதிவை ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெறக் கடைசி நாள் எது என்பதைக் குறித்துக்கொண்டு, அந்த நாளில் சாலை நிலவரத்தையும் புகை நிலவரத்தையும் ஒரு முறை பாருங்கள்.

2. முகாமிடம், கட்டண விலக்கு, கல் எடுப்பது பற்றிய விதி

தேதி முடிவான அன்றே முகாமிடம் பதிவு செய்யுங்கள். எல்லாம் ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில்தான். மாணவர் குழுவுக்குக் குழு முகாமிடமே சரி. மூன்று தனி இடங்களைப் பிடித்தால் ராத்திரி தலையெண்ணவே அரைமணி நேரம் போகும். இந்தத் திட்டத்துக்குப் பூங்காவின் வடபாதியில், மன்சனீட்டா ஏரிப் பக்கமாக இடம் கிடைத்தால் நல்லது. முதல் மூன்று நாளின் வேலை அந்தப் பக்கம்தான். பதிவு செய்யும் முன் அந்த இடத்தில் குடிநீர்க் குழாய் இருக்கிறதா, வேன் நிறுத்த இடம் இருக்கிறதா என்று அதே பக்கத்தில் படித்துவிடுங்கள்.

பாடத்திட்டத்தின் பகுதியாக வரும் கல்வி நிறுவனங்களுக்கு நுழைவுக் கட்டண விலக்கு உண்டு. வாசலில் போய்க் கேட்டால் கிடைக்காது. முன்கூட்டியே பூங்காவுக்கு எழுதி, பாடத்திட்டத்தை இணைக்க வேண்டும். விலக்கு நுழைவுக்கு மட்டும். முகாமிடக் கட்டணத்தைக் கட்டியே ஆக வேண்டும்.

கல் விஷயம் கறாரானது. ஆராய்ச்சி அனுமதி இல்லாமல் தேசியப் பூங்காவிலிருந்து ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது, உடைக்கவும் கூடாது. ஆகவே சுத்தியல் வேண்டாம். 'பையிலேயே இருக்கட்டும்' என்று ஒருவர் கொண்டுவந்தால் இரண்டாம் நாள் அது கைக்கு வந்துவிடும். பூங்காவின் பாறைகள் துறைச் சேகரிப்பில் இருந்தால் கிளம்பும் முன்பே காட்டிவிடுங்கள். பாறையின் உடைந்த முகத்தை அங்கே பார்த்துப் பழகியவருக்கு, களத்தில் இயற்கையாக உடைந்த முகத்தைத் தேடத் தெரியும்.

3. கிளம்புமுன் ஒரு மாலை வகுப்பு

அமெரிக்க நிலவியல் ஆய்வகம் 2010-இல் வெளியிட்ட பூங்காவின் நிலவியல் வரைபடம் 1:50,000 அளவில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை அச்சிட்டு, பாறைப் பெயர்களை மறைத்து, நிறத்தையும் உயரக்கோடுகளையும் மட்டும் மாணவர்களிடம் கொடுங்கள். எது கூம்பு, எது குவிமாடம், எது ஓடிய லாவா என்று உருவத்தை வைத்தே அவர்கள் சொல்லட்டும்.

இதற்குக் காரணம் இருக்கிறது. தட்டையாகப் பரந்த கேடய எரிமலை, லாவாவும் சாம்பலும் அடுக்கடுக்காகச் சேர்ந்த கூட்டு எரிமலை, உதிரி எரிகற்கள் குவிந்த சிண்டர் கூம்பு, டேசைட் என்ற கெட்டியான லாவா வாயிலேயே குவிந்து நின்ற டேசைட் குவிமாடம் என்று நான்கு வகையும் இந்தப் பூங்காவில் உண்டு. இதை முதலிலேயே பட்டியலாகச் சொல்லிவிட்டால் மாணவர்கள் நான்கு நாளும் அந்தப் பட்டியலுக்கு டிக் போட்டுக்கொண்டே இருப்பார்கள், மலையைப் பார்க்க மாட்டார்கள்.

அன்றைக்கே வரைபடங்களைப் போனில் இறக்கிவைக்கச் சொல்லுங்கள். பூங்காவின் பெரும்பகுதியில் சிக்னல் கிடையாது. இரண்டு வேனும் பிரிந்துவிட்டால் எங்கே, எத்தனை மணிக்குச் சேர்வது என்பதைத் தாளில் எழுதி இரண்டு வேனிலும் வையுங்கள்.

4. மூட்டை கட்டுவது

முகாமிடம் சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பகலில் அரைக்கை சட்டை போதும், ஆகஸ்டிலும் ராத்திரி 5 டிகிரிவரை இறங்கும். கலிஃபோர்னியா வெயிலை நம்பி வந்த மாணவர் ஒருவர் முதல் இரவு முழுக்க வேனில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார், காலையில் பேட்டரி பற்றிய கவலை எனக்கு. உறைநிலைக்குத் தாங்கும் ஸ்லீப்பிங் பேக், தரைக்குக் காப்பிடும் பாய், கம்பளித் தொப்பி மூன்றும் கட்டாயம். கீழே விரிக்கும் பாயைத்தான் பலர் விட்டுவிடுவார்கள். குளிர் அதிகம் ஏறுவது தரையிலிருந்துதான்.

களத்துக்கு ஆளுக்கொரு கைலென்ஸ், சாய்வுமானியுள்ள திசைகாட்டி, கெட்டி அட்டை நோட்டு, பென்சில். பேனா வேண்டாம். சிண்டர் தூசியில் பந்துமுனை அடைத்துக்கொள்ளும், ஈரத்தில் மை பரவும். கணுக்காலை மூடும் ஷூ வேண்டும், அதற்கு மேல் கல் புகாமல் கட்டும் துணியுறையான கெய்ட்டர் இருந்தால், சிண்டர் கோன் என்ற கூம்பில் ஏறும் மூன்றாம் நாளில் அதன் அருமை தெரியும்.

சமையலுக்கு காஸ் அடுப்பு. வறண்ட கோடையில் விறகுத் தீக்குத் தடை வருவது சாதாரணம், விறகை நம்பித் திட்டம் போடாதீர்கள். இந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். அரிசியும் பருப்பும் வேக நேரமாகும். குக்கர் எடுத்துப்போனால் காஸ் மிச்சம்.

பெட்ரோலை ரெடிங் நகரத்தில் நிரப்பிக்கொள்ளுங்கள். அங்கிருந்து வடக்கு வாசல் சுமார் 80 கிலோமீட்டர், ஏற்றமான பாதை.

5. நாள்களின் வரிசை

புதியவர்கள் எல்லோரும் பம்பஸ் ஹெல்லை முதல் நாளே வைக்கிறார்கள். ஆவியும் கொதிக்கும் சேறும் இருக்கிற இடம், மாணவர்களும் அதைத்தான் கேட்பார்கள். நானும் அப்படித்தான் வைத்தேன்.

அங்கே இருப்பது அமிலத்தில் வெந்து களிமண்ணான பாறை. வெளுத்து, மஞ்சளும் காவியுமாகக் கிடக்கும். நல்ல டேசைட் எப்படி இருக்கும் என்று தெரியாத மாணவருக்கு அது வெறும் வண்ணச் சேறு. எதிலிருந்து எதுவாக மாறியது என்ற கேள்வியே அவருக்கு எழாது. அந்த வருடம் நோட்டுகளில் 'அழகான நிறங்கள்' என்ற வரியை ஒன்பது பேர் எழுதியிருந்தார்கள்.

ஆகவே விதி இதுதான்: கெடாத பாறை முதலில், கெட்ட பாறை கடைசியில். இடிந்து கிடப்பது, வெடித்து வந்தது, கூம்பாகக் குவிந்தது, வெந்து மாறியது என்ற இந்த வரிசையில் ஒவ்வொரு நாளும் முந்தைய நாளின் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டியதாக இருக்கும்.

லாசன் சிகரம் ஏறுவதை நான் திட்டத்தில் சேர்ப்பதில்லை. போக 4 கிலோமீட்டர், ஏற்றம் சுமார் 600 மீட்டர், உச்சி 3,187 மீட்டர். முந்தின நாள் சமவெளியிலிருந்து வந்தவர்களுக்குத் தலைவலி நிச்சயம். பிற்பகல் இடி மின்னல் வந்தால் மறைவிடமே கிடையாது. ஐந்தாம் நாள் கையில் இருந்தால் விடியற்காலையில் போகலாம்.

6. முதல் நாள்: கூடாரம், கரடிப்பெட்டி, கேயாஸ் ஜம்பிள்ஸ்

பகல் 2 மணிக்குள் வந்து சேருங்கள். முதலில் கூடாரம், அப்புறம்தான் பாறை. இருட்டில் பதினான்கு பேருக்குக் கூடாரம் போடக் கற்றுக்கொடுப்பதைவிட மோசமான வேலை கிடையாது. மேலே பட்ட கிளை தொங்குகிறதா, செத்த மரம் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு இடம் தேர்ந்தெடுங்கள்.

இங்கே கருங்கரடிகள் உண்டு. ஒவ்வொரு முகாமிடத்திலும் இரும்பால் செய்த கரடிப்பெட்டி இருக்கும். உணவு மட்டுமல்ல, வாசனை உள்ள எல்லாமே அதற்குள் போக வேண்டும்: பற்பசை, லிப் பாம், சன்ஸ்கிரீன், காலியான பிஸ்கட் உறை. மாணவர்கள் தவறவிடுவது எப்போதும் ஜாக்கெட் பாக்கெட்டில் கிடக்கும் சூயிங்கம்தான். தூங்குமுன் 'பாக்கெட்டைக் கொட்டுங்கள்' என்று சத்தமாகச் சொல்வதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

மாலை வெயிலில் கேயாஸ் ஜம்பிள்ஸ் என்ற பாறை இடிபாட்டுப் பரப்பு. கேயாஸ் கிராக்ஸ் என்ற டேசைட் குவிமாடங்கள் சுமார் 1,100 ஆண்டுக்கு முன் எழுந்தவை. அவற்றின் ஒரு பக்கம் சுமார் 350 ஆண்டுக்கு முன் சரிந்து, பாறைச் சரிவாகப் பாய்ந்து, ஓடையை அடைத்ததில் உண்டானதுதான் மன்சனீட்டா ஏரி. இதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். ஏரியை முதலில் காட்டி, 'இங்கே ஏன் ஏரி?' என்று மட்டும் கேளுங்கள்.

அப்புறம் ஒரு கணக்கு. வரைபடத்தில் சரிவு விழுந்த உயரத்தை அது ஓடிய தூரத்தால் வகுக்கச் சொல்லுங்கள். காய்ந்த கற்குவியல் சாதாரணமாகச் சறுக்கினால் வரவேண்டிய 0.6-ஐவிட மிகக் குறைவாக வரும். ஏன் என்பதை அன்று இரவு அடுப்பைச் சுற்றிப் பேசட்டும். முடிவு வராது, வரத் தேவையுமில்லை.

இன்னொன்று: இந்த இடிபாட்டில் ஒருவரும் ஏற வேண்டாம். கற்கள் ஆடும். ஓரத்தில் நின்றே எல்லாம் தெரியும்.

7. இரண்டாம் நாள்: 1915

இது கனமான நாள், இதற்கு முழுநாளும் கொடுங்கள்.

லாசன் சிகரம் சுமார் 27,000 ஆண்டு வயதான டேசைட் குவிமாடம். 1914 மே மாதம் ஆவி வெடிப்புகள் தொடங்கின. 1915 மே 19 இரவு வெடிப்பில் சிதறிய சூடான லாவா பனிமேல் விழுந்து, பனியும் பாறையும் கலந்த சரிவாகவும் சேற்றோட்டமாகவும் வடகிழக்குப் பக்கம் இறங்கியது. மூன்று நாள் கழித்து, மே 22-இல், பெருவெடிப்பு. சாம்பல் 9 கிலோமீட்டருக்கு மேல் எழுந்தது. டெவாஸ்டேட்டட் ஏரியா என்ற இடத்தில் குறுகிய, சமதளமான பாதையில் இரண்டு நிகழ்வின் பாறைகளும் கலந்து கிடக்கின்றன.

இங்கே நான் வைக்கும் ஒழுங்கு: முதல் 40 நிமிடம் பெயர் சொல்லத் தடை. டேசைட், ஆண்டிசைட் என்ற எரிமலைப் பாறைப் பெயரே வரக் கூடாது. ஆளுக்கு மூன்று பாறை, மூன்றையும் வரைய வேண்டும், அளவுகோல் போட வேண்டும், நிறம், படிக அளவு, துளைகள், உடைந்த முகம் எல்லாம் எழுத வேண்டும். பெயர் வந்துவிட்டால் கண் நின்றுவிடுகிறது. புத்தகத்தில் டேசைட் என்றால் வெளிர் நிறம் என்று படித்தவர், எதிரே கறுப்பாக இருக்கும் 1915 டேசைட்டை பசால்ட் என்ற கறுத்த எரிமலைப் பாறையாக எழுதிவிட்டு, அதில் பளிச்சென்று தெரியும் ஃபெல்ட்ஸ்பார் என்ற வெளிர் கனிமப் படிகங்களைக் கவனிக்காமலே நகர்ந்துவிடுவார்.

தடை நீங்கியதும் இரண்டு கேள்வி கேளுங்கள்.

முதலாவது: எந்தக் கல் வரும்போதே சூடாக இருந்தது? மேற்பரப்பிலிருந்து உள்ளே இறங்கும் குளிர்ச்சி விரிசல்களைத் தேட வேண்டும். இங்கே வந்து சேர்ந்த பிறகே ஆறிய கல் அந்த விரிசல்களோடு முழுதாக நிற்கும். சிவந்த சாம்பல் நிறத்தில், விரிசல் இல்லாமல் கிடப்பது வழியில் சேற்றோட்டம் வாரிக்கொண்டு வந்த பழைய குவிமாடத்துப் பாறை. ஹாட் ராக் என்ற பெரிய பாறை சாலையோரமே இருக்கிறது. திரும்பும்போது பத்து நிமிடம் நின்றால், விடையைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது: கல்லுக்குள் இருக்கும் கறுத்த, உருண்டையான துண்டுகள் என்ன? நூற்றுக்குத் தொண்ணூறு பேர் 'வெளியிலிருந்து விழுந்த வேற்றுப்பாறை' என்பார்கள். விளிம்பைக் கைலென்ஸில் பார்க்கச் சொல்லுங்கள். கூராக உடைந்த விளிம்பு இருக்காது, வளைந்து நெளிந்திருக்கும். உடைந்த திடப்பொருளுக்கு அப்படி விளிம்பு வராது. அடியிலிருந்து வந்த சூடான மாக்மா (நிலத்தடிப் பாறைக்குழம்பு), குளிர்ந்த டேசைட் மாக்மாவுக்குள் புகுந்து துளித்துளியாக உறைந்ததன் தடம் அது. வெள்ளையும் பழுப்புமாக வரிவரியாக இருக்கும் நுரைக்கல்லும் அதே கலப்பைத்தான் சொல்கிறது. அந்த வரிகளை 'அடுக்குப் படிவு' என்று எழுதும் தவறும் ஒவ்வொரு வருடமும் வரும்.

அன்று இரவு நோட்டுகளை வாங்கிப் பாருங்கள். திருத்துவதற்கு இன்னும் இரண்டு நாள் இருப்பது அன்றைக்குத்தான்.

8. மூன்றாம் நாள்: சிண்டர் கோன்

சிண்டர் கோனுக்கு நடை தொடங்கும் பியூட் லேக் ஏரி வரைபடத்தில் பூங்காவுக்குள்தான் இருக்கிறது. பிரதான சாலையிலிருந்து அங்கே போக வழி கிடையாது. வடக்கு வாசலுக்கு வெளியே வந்து, 44-ஆம் நெடுஞ்சாலையில் கிழக்கே போய், சுமார் 10 கிலோமீட்டர் சரளை மண்சாலையில் திரும்ப வேண்டும். இது தெரியாமல் ஒரு காலைப்பொழுதையே நான் பறிகொடுத்திருக்கிறேன்.

காலை 5:30-க்குக் கிளம்பி 7 மணிக்கு நடக்கத் தொடங்குங்கள். போக வர சுமார் 6.5 கிலோமீட்டர்தான், ஆனால் கூம்பில் ஒரு நிழலும் கிடையாது. கறுத்த சிண்டர் பத்து மணிக்கே அடுப்புப்போல் காயும். ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர். கூம்பின் பாதையில் இரண்டு அடி ஏறினால் ஓரடி சறுக்கும். வேகமாக ஏறுபவர்களை முன்னால் விடாதீர்கள், அவர்கள் உதைக்கும் கல் பின்னால் வருபவர் மேல் உருளும். பாதையை விட்டும் விலகக் கூடாது. சிண்டரில் பதிந்த காலடி வருடக்கணக்கில் மறையாது.

ஏறுமுன் அடிவாரத்திலேயே சாய்வை அளந்துவிடுங்கள். 30 டிகிரிக்கும் 35 டிகிரிக்கும் இடையில் வரும். உதிரியான பொருள் தானாக நிற்கும் கோணம் அது. உச்சியில் அளக்கச் சொன்னால் மூச்சிரைப்பில் எண் தப்பாக வரும்.

உச்சியிலிருந்து தெற்கே பெயின்டட் டியூன்ஸ் தெரியும். சிவப்பும் ஆரஞ்சுமாகத் தெரியும் அந்த மேடுகளுக்கு அது இன்னும் ஆறாத லாவாமேல் சாம்பல் விழுந்து ஆக்ஸிஜனேற்றமடைந்ததால் வந்த நிறம். சுற்றிலும் எல்லாச் சாம்பலும் கறுப்பாக இருக்க, லாவாவின்மேல் மட்டும் ஏன் நிறம் என்று கேட்டால் மாணவர்கள் தாங்களே வந்து சேர்வார்கள்.

இறங்கியதும் லாவா ஓட்டத்தின் விளிம்பில் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். அந்த பசால்டிக் ஆண்டிசைட்டுக்குள் குவார்ட்ஸ் மணிகள் இருக்கும். இந்த வகைப் பாறையில் இருக்கவே கூடாத கனிமம். பார்த்தவுடன் 'இது டேசைட்' என்று பெயரை மாற்றிவிடுவார்கள். மணியைச் சுற்றி மெல்லிய ஓரம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அது மாக்மாவோடு ஒத்துப்போகாமல் வினைபுரிந்த ஓரம். மணி வேறெங்கிருந்தோ வந்தது. நேற்றைய 'வேற்றுப்பாறை' தவறு இன்று சரியான விடையாக மாறுவதை அவர்கள் ரசிப்பார்கள்.

இந்தக் கூம்பு 1850-களில் வெடித்தது என்று முன்பு நம்பினார்கள். மரவளையங்களும் பாறையில் பதிந்திருக்கும் பழைய காந்தத் திசையும் சேர்ந்து அதை 1666 வாக்கில் கொண்டுபோய் வைத்தன.

பிற்பகல் ஏரியில் காலை நனைத்து ஓய்வு. வேறெதுவும் வைக்காதீர்கள்.

9. நான்காம் நாள்: பம்பஸ் ஹெல், சல்பர் ஒர்க்ஸ்

கூடாரத்தைக் கழற்றி வேனில் ஏற்றிவிட்டுத் தெற்கே கிளம்புங்கள், இரண்டு இடமும் வெளியேறும் வழியில்தான். பம்பஸ் ஹெல் நிறுத்துமிடம் பத்து மணிக்குள் நிரம்பிவிடும்.

மரப்பலகைப் பாதையை விட்டு ஓரடியும் வெளியே வைக்கக் கூடாது. மேலோடு காய்ந்து உறுதியாகத் தெரியும், அடியில் கொதிக்கும் அமிலச் சேறு. இந்த இடத்துக்குப் பெயர் கொடுத்த கெண்டல் பம்பஸ் அப்படி ஓட்டை உடைத்துக்கொண்டு உள்ளே போய்க் காலையே இழந்தவர். இதை வேனிலேயே சொல்லுங்கள். அங்கே போய்ச் சொன்னால் ஆவிச் சத்தத்தில் பாதிப் பேருக்குக் கேட்காது. ஆஸ்துமா உள்ளவர்களிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு.

பிக் பாய்லர் என்ற ஆவித்துளையில் 161 டிகிரிவரை பதிவாகியிருக்கிறது. அகச்சிவப்பு வெப்பமானியை நீட்டி அதை அளக்க மாணவர்கள் ஆசைப்படுவார்கள். 60 வரும், 45 வரும். கருவி பார்ப்பது நடுவில் குளிர்ந்துகொண்டிருக்கும் ஆவிமேகத்தை. தப்பான எண் என்று ஒதுக்காமல் அதையே கேள்வியாக்குங்கள். தண்ணீரைத் தொட்டு அமிலத்தாள் நனைப்பது வேண்டாம், மாதிரி எடுப்பதற்கும் அனுமதி தேவை.

இப்போது மூன்று நாள் பார்த்த டேசைட்டையும் ஆண்டிசைட்டையும் நோட்டில் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் வெளுத்த பாறையை வரையச் சொல்லுங்கள். ஃபெல்ட்ஸ்பார் எங்கே போயிற்று? கந்தக அமிலம் அதைக் களிமண்ணாக்கிவிட்டது. மங்கலான படிக உருவம் மட்டும் சில இடத்தில் மிஞ்சியிருக்கும். அதை முதலில் கண்டுபிடிப்பவர் யார் என்று போட்டி வைப்பேன். முதல் நாளே வந்திருந்தால் யாருமே கண்டுபிடிக்க மாட்டார்கள்.

சல்பர் ஒர்க்ஸில் வேனிலிருந்து இறங்கி இரண்டு நிமிடம் நடந்தால் போதும். நீங்கள் நிற்பது புரோக்காஃப் என்ற பழைய கூட்டு எரிமலையின் வயிற்றுப் பகுதி. சுற்றி நிற்கும் புரோக்காஃப் மலையும் டில்லர் மலையும் அதன் மிச்ச ஓரங்கள். அவ்வளவு பெரிய எரிமலையின் நடுப்பகுதி எங்கே? காலையில் பார்த்த களிமண் நினைவுக்கு வந்தால் விடை வந்துவிடும். வெந்து இளகிய மையத்தைப் பனியாறும் ஓடையும் எளிதாக அரித்துக்கொண்டு போயின. ஒரு படிகத்துக்கு நடந்தது ஒரு மலைக்கும் நடந்திருக்கிறது.

10. வாசலைத் தாண்டுமுன்

தெற்கு வாசலில் உள்ள பார்வையாளர் மையத்தில் வேனை நிறுத்தி மூன்று வேலை செய்யுங்கள். தலையெண்ணுவது ஒன்று. எல்லா நோட்டுகளின் பக்கங்களையும் போனில் படமெடுப்பது இரண்டு. வீடு திரும்பும் வழியில் சாப்பிட நிறுத்திய இடத்தில் ஒரு நோட்டு தொலைந்தபிறகு இதைச் சேர்த்தேன்.

மூன்றாவது, பாக்கெட்டையும் ஷூவையும் உதறுவது. வேண்டுமென்றே கல் எடுப்பவர் அபூர்வம், சிண்டர் கோன் ஷூவுக்குள் வைத்து அனுப்பும் சரக்கோ ஆளுக்கு ஒரு பிடி தேறும்.